எந்தக் கல்லூரி என்று கர்த்தரிடம் கேட்டேன்

ஜன்னலை இழுத்து மூடிக்கொள் பாப்பா. பழையகாயல் தாண்டுகிற வரைக்கும் உப்பளத்துக் காற்று, உன் கறுப்புக் கோட்டு எல்லாம் வெள்ளை பூத்துவிடும். நான் ஏறும்போதே பார்த்தேன், கையில் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறதே, பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று. பின்னாலும் இடம் இருந்தது. நான்தான் இங்கே வந்து உட்கார்ந்தேன்.

வக்கீலா, இன்னும் படிக்கிறாயா? கடைசி வருஷமா? திருச்செந்தூரில் ஒரு சீனியரிடம் தொழில் பழகப் போகிறாயா? நல்லது, நல்லது. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். நீ வேறே சாமி கும்பிடுகிற பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. ஆசீர்வாதத்துக்கு அதெல்லாம் தெரியாது.

என் மகளும் வக்கீலுக்குத்தான் படித்தாள். ஹெப்சி என்று பேர். படித்தாள் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பை விட்டுவிட்டாள் என்று ஒருநாள் சபையில் யாரிடமோ சொல்லிவிட்டேன், வீட்டுக்கு வந்து, "நான் விடலம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் யார் விட்டது என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகளை நோண்டிக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் போனவள். எங்கள் வீட்டில் அவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். மூத்தவன் டைட்டஸ், சென்னையில் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கும் அந்தக் காலத்தில் ரெண்டு இடத்தில் வேலை வந்தது. ஒன்று கோயம்புத்தூர், ஒன்று சென்னை. எதற்குப் போக என்று என்னிடம்தான் கேட்டான். நான் என்ன கண்டேன், முழங்கால் போட்டு ஜெபித்தேன். மறுநாள் ஆராதனையில் எங்கள் பாதிரி ஐயர் கடலைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். கோயம்புத்தூரில் ஏது கடல்? போ மக்கா சென்னைக்கு என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவான். போன வருஷம் வரவில்லை.

சரி, ஹெப்சி விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் சேர்ந்தது ஒரு தனியார் சட்டக் கல்லூரி. பேர் வேண்டாம், பாவம், இப்போது அதுவே இல்லை. ரெண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒவ்வொரு வாத்தியாராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஒரே ஒருவர் எல்லாப் பாடமும் நடத்தினார். அவரும் ஒருநாள் பிள்ளைகளைப் பார்த்து, "உங்களுக்கு வேற இடம் கிடைச்சா போயிருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, தானே முதலில் போய்விட்டார். அரசாங்க அனுமதி கிடைக்காது என்று பேச்சு. பிள்ளைகள் எல்லாம் மாறுதல் கேட்டு ஊர் ஊராக அலைந்தார்கள். பாதிப் படிப்பில் இன்னொரு கல்லூரியில் நுழைவது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பிள்ளை அலையவே அலையாமல் ரெண்டு இடம் வாங்கினாள். ரெண்டு! மற்றவர்கள் ஒன்றுக்கே கண்ணீர் விட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒன்று சென்னையில். இன்னொன்று மேற்கே, மலையடிவாரத்தில், நம் சபை ஆட்கள் நடத்துகிறது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது அவள் அப்பாவிடம் விளக்கிச் சொன்னாள். "சென்னையில நேரா மூணாம் வருஷத்துல சேத்துக்கிடுவாங்கப்பா. மலைப்பக்கத்துல ரெண்டாம் வருஷத்தத் திரும்பப் படிக்கச் சொல்லுதாங்க."

"பொறவு என்னத்த யோசிக்க?" என்றார் அவர். "ஓடுத வண்டியில ஏறுவியா, ஷெட்டுல நிக்குத வண்டியில ஏறுவியா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "ரெண்டும் நல்லதுதான். ஆண்டவருக்குச் சித்தமானது எதுன்னு தெரியட்டும்" என்றேன்.

"அவருக்கு எப்பம்மா தெரியும்? இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"ஒங்கம்மா சாமிகிட்ட மனு போட்டா தீர்ப்பு வர நாளாகும்டி" என்றார் அவர். "நீ வக்கீலாகி வந்து அந்தக் கேஸையும் நடத்து."

அவர் அப்படித்தான் பேசுவார். பக்தி இல்லாமல் இல்லை, வாய் அப்படி.

மலையடிவாரத்துக் கல்லூரியைப் பற்றி நான் விசாரித்தேன். பெண்பிள்ளைகள் விடுதியில் காலையிலும் சாயங்காலமும் ஜெபம். ஆலயம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. வார்டன் அம்மா நம் பக்கத்து நாசரேத் ஊர்க்காரி, என் சித்தி மகளோடு படித்தவள். கேட்டுவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குத்தான் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? சொல்லவே இல்லை. பிள்ளைகளை நான் எதற்கும் நெருக்கினதில்லை. அடித்ததில்லை, வைததில்லை. எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

அந்தச் சென்னைக் கல்லூரிக்கே அவளோடு படித்த பையன் ஒருத்தனும் மாறியிருந்தான். முகிலன் என்று பேர். நல்ல பையன்தான். ஒருநாள் ஏதோ புத்தகம் கொடுக்க வீட்டுக்கு வந்தான். நெற்றியில் விபூதி. நான் காப்பி கொடுத்தேன், குடித்துவிட்டுத் தம்ளரை அவனே கழுவி வைத்தான். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்டேன், அதையும் மறைக்காமல் சொன்னான். நல்ல பையன். அவன் சென்னைக்குப் போனதற்கும் நான் ஜெபம் பண்ணினதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆண்டவர் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஆணை இடக் கூடாதுதான், நீ நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விஷயம் என்னவென்றால், எனக்குச் சமாதானம் வரவில்லை. உங்கள் பக்கத்தில் இதை எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. நாங்கள் ஒரு காரியத்தில் இறங்குவதற்கு முன்னால் ஜெபித்துவிட்டு மனசைப் பார்ப்போம். மனசு குளம் மாதிரி அசையாமல் இருந்தால் ஆண்டவர் சரி என்கிறார். கலங்கினால் காத்திருக்க வேண்டும். சென்னை என்று நினைத்தாலே எனக்குக் கலங்கியது. சரி, மலையடிவாரம் என்று நினைத்தால், உடனே அவள் முகம் நினைவுக்கு வரும். "ஒரு வருஷத்தத் திரும்பப் படிக்கணுமேம்மா" என்று அவள் சொன்ன முகம். அப்போது அதிலும் கலங்கும். என்ன செய்ய?

மாதத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை சபையில் கொடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும், அதில் இருக்கிற வசனம் அந்த மாதத்துக்கு நமக்கு. எனக்கு, எழுந்து புறப்பட்டுப் போ என்கிற அர்த்தத்தில் வந்தது. ஹெப்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் துள்ளினாள். "எம்மா, போன்னு சொல்லிட்டாருல்லா!" எங்கே போக என்று அதில் இல்லையே மக்கா என்றேன். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அச்சடித்தவர்கள் விலாசம்தான் இருந்தது.

ஆறுமுகநேரியில் குளோரி அக்கா இருக்கிறார்கள். உபவாச ஜெபம் நடத்துகிறவர்கள். இப்போது அங்கேதான் போகிறேன். அக்காவிடம் போய்ச் சொன்னேன். கண்ணை மூடி ரொம்ப நேரம் ஜெபித்துவிட்டு, "ரெண்டு வாசல் தெரியுது செல்லக்கனி. ஒண்ணுல வெளிச்சம்" என்றார்கள். எது அக்கா என்றேன். "வாசல்தான் தெரியுது, போர்டு தெரியல" என்றார்கள். பொய் சொல்லத் தெரியாதவர்கள். தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்வார்கள்.

மாதம் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் நான் மீன் அறுத்துக்கொண்டு இருந்தேன். ஹெப்சி வந்து எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"எம்மா, நீங்க சென்னை வேண்டாம்னு சொல்லுதீங்களா? அப்படின்னா சொல்லிருங்க. நான் மலைப்பக்கமே போறேன். ஒரு வருஷம் போனாப் போட்டும்."

"நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்?"

"வேண்டாம்னும் சொல்லல, போன்னும் சொல்லலியே."

"அது நான் சொல்ல வேண்டியது இல்ல மக்கா."

அவள் தரையில் கிடந்த மீன் செதிலை வழித்து அள்ளினாள். அப்புறம், "சரிம்மா" என்றாள். பார் பாப்பா, அவளே போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம். மேஜரான பிள்ளை. சட்டம் படித்தவள். ஆனால் என் சம்மதம் இல்லாமல் போக மாட்டேன் என்று நின்றாள். அப்படி வளர்த்திருக்கிறேன்.

குளோரி அக்காதான் சொன்னார்கள், மூன்று நாள் குடும்பமாக உபவாசம் இருந்து கேளுங்கள், பதில் வரும் என்று. உபவாசம் என்றால் சாப்பாட்டை மட்டும் விடுவது இல்லை. உலகத்துக் காரியம் எல்லாவற்றையும் விட வேண்டும். டிவி கிடையாது, வெளியே போகக் கூடாது, போனும் கிடையாது. அவர் துறைமுகத்தில் லோடு இருக்கிறது என்று தப்பித்துவிட்டார். நானும் ஹெப்சியும் இருந்தோம். போனைக் கொடு மக்கா, பீரோவில் வைப்போம் என்றேன். அணைத்துக் கொடுத்தாள். சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்தாள்.

அந்த மூன்று நாளும் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? நானும் என் மகளும் ஒரே பாயில், சேர்ந்து பாடி, சேர்ந்து முழங்கால் போட்டு. அவள் குரல் நன்றாயிருக்கும். சின்னப் பிள்ளையில் அப்படிப் பாடினவள், காலேஜுக்குப் போன பிறகு விட்டிருந்தாள். இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அந்த மூன்று நாளும் எனக்கு மனசு கலங்கவே இல்லை.

உபவாசம் முடித்து, கஞ்சி குடித்துவிட்டு, போனைப் போட்டாள். டிங் டிங் என்று வந்துகொண்டே இருந்தது. சென்னைக் கல்லூரியில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பையன் முகிலன் கூப்பிட்டிருக்கிறான். அவன் ஒரு சேதியும் அனுப்பியிருந்தான். ஆபீஸ் வாசலிலேயே நிற்கிறேன், இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எங்கே இருக்கிறாய் என்று. ஹெப்சி நின்றபடியே கல்லூரிக்குப் பேசினாள். "நேத்தே கூப்பிட்டோமேம்மா. கடைசி நாளை முன்னால இழுத்துட்டாங்க. இன்னைக்குக் காலையில வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கஞ்சி குடித்த கிண்ணத்தை எடுத்துப்போய்க் கழுவினாள்.

எனக்கோ, சொன்னால் நம்ப மாட்டாய், அந்த நிமிஷம் சமாதானம் வந்துவிட்டது. ஆறு மாதிரி வந்தது. ஆண்டவர் ஒரு வாசலை அடைத்துவிட்டார், அப்படியென்றால் அடுத்த வாசல்தானே? இதுதானே பதில்? மறுநாள் காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன்.

அந்த முதல்வர் ஐயா தங்கமான மனுஷர். நாற்காலி போடச் சொன்னார், டீ கொடுத்தார். ஹெப்சியின் மார்க்கை எல்லாம் பார்த்துவிட்டு, "போன வாரம் வந்திருந்தா கண்ணை மூடிட்டுச் சேத்திருப்பேனே தாயே. மாறுதல் இடம் எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீங்க பதிலே சொல்லலியே" என்றார். அவருக்கே கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று அவரே ஜெபம் பண்ணித்தான் அனுப்பினார். எவ்வளவு அருமையான ஜெபம்! நான் அழுதுவிட்டேன். ஹெப்சி பைலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், இப்படித்தான், நீ இருக்கிற இடத்தில் அவள், இங்கே நான். கோவில்பட்டி தாண்டினதும் கேட்டாள், "எம்மா, ஒங்களுக்குப் பதில் வந்துச்சா?"

"இன்னும் வரல மக்கா. காத்திருப்போம்."

"எனக்கு வந்துட்டு" என்றாள்.

என்ன பதில் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழைய கல்லூரிக்கே திரும்பப் போகலாம் என்று அவள் அப்பா போய்ப் பார்த்தார். கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் உள்ளே ரெண்டு ஆட்டைக் கட்டிப் போட்டு மேய்த்துக்கொண்டு இருந்தாராம். இவர் வந்து சொன்னார், சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். அன்றையிலிருந்து அவர் கேலி பேசுவதில்லை. எங்கள் வீட்டில் யாராவது கேலி பேசினால் நன்றாயிருக்கும் என்று இருக்கிறது. டைட்டஸ் போனில், "அவ கையெழுத்துப் போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்லாம்மா?" என்றான். உனக்கு ஜெபம் பண்ணும்போது மட்டும் இனித்ததோ என்று கேட்டேன். "எனக்குக் கோயம்புத்தூர்தாம்மா புடிச்சிருந்துச்சு" என்றான். இத்தனை வருஷம் கழித்து அதைச் சொல்கிறான் பார். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள் போலிருக்கிறது.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஹெப்சி இப்போது தூத்துக்குடியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து மனு டைப் அடிக்கிறாள். வக்கீல்கள் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். காலையில் போகிறாள், சாயங்காலம் வருகிறாள். குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் வருவாள். வராமல் இருக்க மாட்டாள். முழங்காலும் போடுவாள். முடிக்கும்போது நாங்கள் எல்லாரும் ஆமென் சொல்வோம். அவள் சொல்ல மாட்டாள். அதற்காகத்தான் நான் வெள்ளிக்கிழமை தவறாமல் ஆறுமுகநேரிக்குப் போகிறேன். படிப்பு போனால் போகட்டும், பிள்ளை விசுவாசத்தை விட்டுவிடக் கூடாது அல்லவா?

என்ன சொல்கிறாய்? உங்கள் கல்லூரியிலா? மூன்றாம் வருஷத்திலேயா?

மெதுவாகச் சொல் பாப்பா, பஸ் சத்தத்தில் விழவில்லை. ஒரு வருஷம் இடைவெளி இருந்தாலும் எடுத்துக்கொள்வார்களா? உன் கூட்டாளி தங்கச்சி அப்படித்தான் சேர்ந்தாளா? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாங்குகிறார்களா? ஆண்டவரே. ஆண்டவரே. பார், பின்னால் இடம் இருக்க நான் ஏன் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்?

இப்பவேயா? வேலை நேரமாயிற்றே. சரி சரி, கூப்பிடுகிறேன், நீ கோபப்படாதே. இரு, நீயே அந்த நம்பரை அமுக்கிக் கொடு. ஹெப்சி என்று இருக்கும்.

"ஹலோ... மக்கா, அம்மா பேசுதேன். பஸ்ஸுல இருக்கேன். இங்க ஒரு வக்கீல் பாப்பா இருக்கா, அவ காலேஜுல மூணாம் வருஷத்துல இடம் இருக்காம். ஆமா மூணாம் வருஷம். இடைவெளி இருந்தாலும் பரவாயில்லியாம். நாளைக்குச் சாயங்காலம் கடைசியாம்... ஹெப்சி? ஏட்டி, லைன்ல இருக்கியா?... ம்... ம்... சரி மக்கா. சரி. சரி. வச்சிருதேன்."

கொஞ்சம் தண்ணீர் கொடு பாப்பா.

ஒன்றும் இல்லை, அழவில்லை. இது சந்தோஷம். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? முதலில் அந்த டைப் மிஷின் சத்தம்தான் கேட்டது. அப்புறம் சொன்னாள், "சரிம்மா. நீங்க ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று. அவள் வாயால், ஜெபம் என்று. இந்த ஒரு வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. நான் பெற்ற பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறாய்? நீ அவளோடு பேச வேண்டுமா? வேண்டாம் பாப்பா, கடைக்காரர் திட்டுவார். நாளைக்கு, நாளைக்கு என்று நீயும் அவசரப்படுத்தாதே. ஆண்டவர் இன்றைக்கே பேசினாலும் பேசுவார், நாளை கழித்துப் பேசினாலும் பேசுவார். அதை நாமா முடிவு பண்ணுவது?

கண்டக்டர் தம்பி, ஆறுமுகநேரி ஒண்ணு இறக்கி விடுங்க. கால் மரத்துப் போயிட்டு, கொஞ்சம் பொறுங்க.

வரட்டுமா பாப்பா. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்று தாயிடம் விட்டுக்கொடுக்கிற பிள்ளை இந்தக் காலத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்.